முந்திப் போவதாக இருந்தவர்

செய்தி வந்தபோது நான் கிணற்றடியில் நின்றேன். தலையில் முதல் வாளி ஊற்றியாயிற்று. இரண்டாவதைக் கவிழ்க்கும் முன் என் மனைவி கமலா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "சாவகச்சேரியிலையிருந்து, நாகேந்திரம் அண்ணையின்ரை வீட்டுக்காரர்" என்றாள். அவள் முகத்திலேயே பாதி விளங்கிவிட்டது.

"ஐயா, பெரியவர் விடியப்புறம் மோசம் போயிட்டார். நேற்றுப் பின்னேரம் இழுப்பெண்டு நான்தான் ஓட்டோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான்" என்றார் அந்த மனிதர். நல்ல மனிதர். ஆனால் நான் 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "குறை நினையாதேங்கோ. என்ரை மகளுக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம். வாடகைக்கு இருந்தவர்தான் எண்டாலும் இந்த நேரத்திலை இஞ்சை ஏலாது. உடம்பை எங்கை எடுத்துக்கொண்டு போறியள்?"

ஒருவர் இறந்த செய்தியோடு, அவரை எங்கே கிடத்துவது என்ற கேள்வியும் சேர்ந்து வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. எந்த ஏழைக்கும் ஒரு விறாந்தை இருக்கும். அங்கிருந்துதான் அவனைத் தூக்குவார்கள். இந்தக் கேள்வி போயும் போயும் யாருக்கு வந்தது பாருங்கள். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை முதுமைக்குத் திட்டம் போட்டவர்களையெல்லாம் கூட்டி ஒரு மகாநாடு வைத்தால், சிங்காசனத்தில் ஏற்றி, கொடி ஆலவட்டத்தோடு நடுவில் இருத்தவேண்டிய மனிதருக்கு.

முப்பத்தோராம் நாளுக்கென்று அச்சடித்த இந்தக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அநேகமாக எங்கள் கந்தோரில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அவரிடம் ஏச்சு வாங்காத ஆள் உங்களில் இருக்க முடியாது. ஓய்வூதியப் பகுதியில் அவர் தலைமை எழுதுவினைஞர். நான் பக்கத்து மேசை. என் முதலாவது சம்பள நாளில் என்னை மறித்து நின்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. கைலாயத்து நந்தி கூட அப்படி மறித்திருக்காது.

"தம்பி, எழுபது வயசிலை உமக்கு ஆர் சோறு போடுவினம்?"

"அண்ணை, எனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரேல்லை."

"மீசை தானா வரும் தம்பி. சோறு தானா வராது. எழும்பும், சேமிப்புக் கணக்குத் திறக்கப் போவம்."

மதியச் சாப்பாட்டுக்கு முன் திறந்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். அவருக்கு எமனின் கணக்கப்பிள்ளை என்று பட்டம் கட்டினேன். கந்தோர் முழுக்க அந்தப் பெயர் பரவியது. ஒருநாள் அவரே கூப்பிட்டு, "பேர் நல்லாத்தான் இருக்கு. ஆனால் எமனுக்குக் கணக்கு வைக்கிறவனுக்குப் பென்சன் உண்டோ எண்டு விசாரிச்சீரோ?" என்று கேட்டார். இன்று நான் எந்தப் பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்கும் காத்திராமல் மீன் வாங்குகிறேன் என்றால், அது அந்த மறியலால் வந்தது.

சிக்கனத்தில் அவர் ஒரு மகா முனிவர். அவர் தேநீருக்குப் போடும் சீனியைப் பார்த்த எறும்புகள் இரக்கப்பட்டு, தங்கள் புற்றிலிருந்து ஆளுக்கொரு மணி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். அவருடைய குடை ஒல்லாந்தன் கோட்டை கட்டியபோது வெயிலுக்குப் பிடித்தது. துணியை இரண்டு தடவை மாற்றியிருந்தார், கம்பியை மூன்று தடவை, ஆனால் குடை அதே குடைதான் என்று சத்தியம் செய்வார். கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கந்தோர்க் காவலாளிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை என்றபோது முதலில் கை நீட்டியவர் அவர். "கிழவனாகிறது ஒரு உத்தியோகம் தம்பி. அதுக்கும் முன்கூட்டி விண்ணப்பிக்கோணும்" என்பது அவருடைய உபதேசம். பிள்ளைகள் வெளிநாடு போய் உழைக்கத் தொடங்கியதும் நாங்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில், "பிள்ளையள் அனுப்புறது மழை. பெய்தால் நல்லது. கிணத்தை நீர் வெட்டி வைச்சிரும்" என்றும் சொன்னார்.

எல்லாம் சரி. பிழை எங்கே நுழைந்தது என்று நான் பலநாள் யோசித்தேன். அது அவர் மேசைக்கு முன்னால் நுழைந்தது.

மாதம் பிறந்தால் அந்த மேசைக்கு முன்னால் விதவைகள் வரிசையில் நிற்பார்கள். ஆசிரியரின் மனைவி, தபாற்காரரின் மனைவி, புகையிரத நிலையத்தில் வேலைசெய்தவரின் மனைவி. ஒருநாள் மயிலிட்டிப் பக்கத்து மனுசி ஒருத்தி வந்தாள். கணவன் பள்ளிக்கூடத்து எழுதுவினைஞர். ஒரு துண்டு நிலம், ஒரு வங்கிக் கணக்கு, எதையும் அவள் பெயரில் வைக்காமல் திடீரென்று போய்விட்டார். கணவனின் சகோதரர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள். அவள் சத்தமில்லாமல், சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அன்று பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அண்ணை சொன்னார்: "தம்பி, எனக்கு முன்னாலை நிண்டது தவமணி மாதிரி இருந்தது."

தவமணி அக்கா அவருடைய மனைவி. அன்றைக்கே அவர் முடிவெடுத்துவிட்டார். ஆண்கள் முந்திப் போவார்கள், பெண்கள் பின்னால் நிற்பார்கள். வாழ்நாள் முழுக்க அவர் கண்டது இதைத்தான். ஆகவே தான் முந்திப் போவது நிச்சயம். தவமணி அக்கா ஒருநாளும் யார் வாசலிலும் நிற்கக்கூடாது. இதுதான் திட்டம்.

கோப்பாயில் அவர்கள் வீடு நின்ற காணி அக்காவின் சீதனம். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை, சுவரில் பாதியும் இல்லை. அவர் தன் சேமிப்பையெல்லாம் அந்தக் காணியில் கொட்டினார். கல்வீடு, குழாய்க்கிணறு, சுற்றுமதில். சைக்கிளை மாற்றாமல், வேட்டியை மாற்றாமல், எட்டு ஊருக்குக் கண்பட வீடு கட்டினார். வங்கியில் வைப்புப் போட்டதும் அக்கா பெயரில். எங்கள் தேசவழமைச் சட்டப்படி பெண்ணின் சீதனம் அவள் கண் மூடினால் பிள்ளைகளுக்குப் போகும், கணவனுக்கு வராது. அதன்மேல் கட்டிய வீடும் காணியோடு போய்விடும். இது அவருக்குத் தெரியாதா? எங்களுக்கெல்லாம் படிப்பித்தவரே அவர்தான்.

உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா அவரைக் கேட்ட நாளில் நானும் கூட இருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போடப் போனவன்.

"ஐயா, இவ்வளவு காசைக் கொட்டி வீட்டைக் கட்டியிருக்கிறியள். அக்கா உங்களுக்குச் சீவிய உரித்து எழுதித் தரட்டும். சாகும்வரைக்கும் அந்த வீட்டிலை இருக்க உங்களுக்கு உரிமை இருக்கும். பிறகு பிள்ளைக்குப் போகும்."

"எனக்கென்னத்துக்கு? நான் முந்திப் போயிடுவன்."

தவமணி அக்கா சிரித்தா. "இவர் எமனோடை கதைச்சு நாள் குறிச்சு வைச்சிருக்கிறார் ஐயா. என்னைக் கிழவியாக்கிப் பெட்டகத்துக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் போவார்."

"பூட்டித் திறப்பையும் உம்மட்டைத்தானே தாறன்" என்றார் அண்ணை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அக்கா ஒரு காய்ச்சலில் போனா. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டு வேலை செய்தவ. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில். பிறகு வீட்டு மண்டபத்தில். அண்ணை அழவில்லை. சுவரோடு ஒரு கதிரையில் இருந்து, வருகிறவர்களையெல்லாம், ஏதோ பத்திரம் கொண்டுவராமல் வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். என் கையைப் பிடித்தார்.

"தம்பி, வரிசை மாறிப்போச்சு."

என் வாயில் எந்த வேளையிலும் ஒரு பகிடி இருக்கும் என்பது நீங்கள் அறிந்தது. அன்று அவருக்குத் தண்ணீர் எடுத்துவர எழும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த காலத்தை வாழ்வென்று நான் சொல்லமாட்டேன். அக்கா தனியே இருக்கும்போது என்னென்ன வேண்டும் என்று எல்லாம் செய்துவைத்திருந்தார். குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி, அவளின் முழங்கால் உயரத்துக்கு ஏற்ற படி. தான் தனியே இருக்கும் வீட்டை அவர் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. குசினியில் சீரகம் எந்தப் போத்தலில் என்று தெரியாது. காலையும் மாலையும் பாணும் வாழைப்பழமும். அந்த நேரம் பார்த்து நாட்டில் நெருக்கடி வந்தது. அவருக்கு மாதாமாதம் வந்த ஓய்வூதியம் அதே தொகைதான், ஆனால் மருந்துக் கடை வாசலுக்குப் போவதற்குள் வெயிலில் வைத்த ஐஸ்பழம்போல உருகிவிடும். எரிவாயு வரிசையில் அவர் நின்றதை நான் கண்டேன். விதவைகளைத் தன் மேசைக்கு முன் வரிசையில் நிறுத்தியவர், வெறும் சிலிண்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஒரே மகள், சுகந்தி. கனடாவில். அவளின் கணவனுக்குச் சிறுநீரகம் பழுதாகி வேலை போய்விட்டது. அவள் அதைச் சொல்லவில்லை. கிழமைக்கொருமுறை தொலைபேசி எடுத்து, "சாப்பிட்டீங்களோ அப்பா" என்று கேட்டுவிட்டு வைப்பாள். அப்பாவோ மனுக் கொடுக்க வருபவரின் குரலைக் கேட்டே மனுவில் என்ன இருக்கிறதென்று சொல்லிப் பழகியவர். யாரோ உறவினரிடம் விசாரித்து எல்லாவற்றையும் அறிந்துகொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"வீட்டை விக்கப் போறன்."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? எங்கை இருப்பியள்?"

"வீடு இப்ப சுகந்தியின்ரை. நான் இருக்கிறது அவளின்ரை வீட்டிலை. அங்கை அவள் நித்திரையில்லாமல் இருக்க, நான் இஞ்சை அதுக்குள்ளை கிடந்து குறட்டை விடுறதோ?"

"கனடாவுக்குப் போங்கோவன்."

"அந்தக் குளிருக்கோ? செத்தாப்பிறகு ஐஸ்பெட்டியிலை வைச்சால் காணும். இப்பவே வைக்கத் தேவையில்லை."

சுகந்தி பலமுறை மறுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அழுதாள். திட்டினாள். கடைசியில் கணவனின் வைத்தியம் அவளை வென்றது. விற்கும் அதிகாரத்தை அவருக்கு எழுதி அனுப்பினாள். கமலா எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்தாள். அவர் வரவில்லை. "சும்மா இருந்து சாப்பிட்டால் எனக்குச் செமிக்காது பிள்ளை" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாவகச்சேரியில் ஒரு பின் அறையை வாடகைக்கு எடுத்தார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி கிட்ட. ஓட்டோக் காசு மிச்சம்" என்றார். அப்போதும் திட்டம்தான்.

மாதத்தில் ஒருமுறை பஸ் ஏறிப் போவேன். கடைசியாகப் போனபோது சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றை வெட்டி எனக்குப் பெரிய துண்டைத் தந்துவிட்டு, கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டார். கொஞ்சநேரம் அதைச் சூப்பிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வாடகைக்கு வழி வைச்சிருக்கிறன். மருந்துக்கு வைச்சிருக்கிறன். மரணச்சடங்குச் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறன். பந்தல் வரும், கதிரை வரும், பறை வரும். வீடு மட்டும் அவை கொண்டுவராயினம். என்னை எங்கையிருந்து எடுப்பியள்?"

"உங்களை நல்லூர்த் தேரிலை வைச்சு, நாலு வீதியும் சுத்தி, யானை குதிரையோடை எடுப்பம் அண்ணை."

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். "இல்லை, உண்மையாக் கேக்கிறன். எங்கையிருந்து?"

"பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையள் இருக்குத்தானே அண்ணை இப்ப."

"அதுவும் வாடகைதான். செத்தாப்பிறகும் வாடகைக்கு இருக்கிறதோ?"

மிச்ச மாம்பழத்தைக் காகிதத்தில் சுற்றி, நாளைக்கென்று எடுத்து வைத்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன். இரண்டு கிழமையில் அந்தக் கிணற்றடித் தொலைபேசி.

ஆகவே வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கோப்பாய் வீட்டை வாங்கியவர்கள் அதைத் திருத்தி அப்போதுதான் குடிபுகுந்திருந்தார்கள், தோரணம்கூட வாடவில்லை. அங்கே கேட்பது நியாயமில்லை. அண்ணையின் தமையன் மகன் கொடிகாமத்தில் தகரக் கொட்டிலில் இருக்கிறான், வீடு அரைகுறை. எஞ்சியது எங்கள் வீடு. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அது கமலாவின் சீதனம். நான் அங்கே நெடுங்காலமாக வாடகையில்லாமல் குடியிருக்கும் விருந்தாளி. தலையில் ஈரம் சொட்ட அவளைப் பார்த்தேன்.

"ஏன் நிண்டு முழுசுறியள்? அந்த மண்டபத்துக் கதிரையளைத் தூக்கி வெளியிலை போடுங்கோ" என்றாள்.

உடம்பு வந்து சேர முன்னமே பக்கத்து வீட்டு மனுசி வேலியால் எட்டிப் பார்த்தா. "கமலா, வெளியிலை போன உயிரெல்லே. படலைக்குள்ளை எடுக்கிறது கூடாதெண்டு சொல்லுறவை."

"அந்த மனிசன் இவ்வளவு காலமும் ஒருதற்றை வாசலிலையும் போய் நிக்கேல்லை அக்கா. இப்ப நான் படலையிலை மறிச்சு நிப்பாட்டுறதோ? இஞ்சை அடுப்பு மூட்ட ஏலாது. நீங்கள் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாங்கோ, சனம் வரப்போகுது."

அந்த மனுசி போய் ஒரு பெரிய கேத்தலோடு வந்தா. நாங்கள் அவரை மண்டபத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம். மகள் வந்து சேரும்வரை வைத்திருந்தோம். சங்கத்துப் பந்தல் எங்கள் முற்றத்தில் போடப்பட்டது. தமையன் மகன் கொள்ளி வைத்தான். நீங்கள் பலபேர் வந்தீர்கள். கந்தோரில் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் வரிசையாக நின்று வாய்க்கரிசி போட்டதை நான் பார்த்தேன்.

சாம்பல் அள்ளிக் காடாற்றிய அன்று பின்னேரம் சுகந்தி என்னிடம், "மாமா, எங்கடை வீட்டை ஒருக்கால் பாக்கவேணும்" என்றாள். நடந்தே போனோம். மதிலுக்குப் புதுநிறம் பூசியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் கண்டுவிட்டு ஓடி வந்து, "ஏன் பிள்ளை வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கை வாரும், உம்மடை வீடுதானே" என்று கூப்பிட்டா.

"இல்லை அன்ரி. செத்தவீட்டுத் துடக்கு."

கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடியும் குசினி யன்னலும் தெரியும். அவளின் விரல்கள் கம்பியிலேயே இருந்தன.

"மாமா, நான் விக்கச் சொல்லிக் கேக்கேல்லை. ஒருநாளும் கேக்கேல்லை."

"தெரியும் பிள்ளை."

"கேட்டிருந்தால் சண்டை பிடிச்சிருப்பார். ரெண்டு நாள் கதையாமல் இருந்திருப்பார். வித்திருக்க மாட்டார். நான் கேக்காததாலைதான் வித்தவர்."

அவரை அறிந்த உங்களில் யாராவது, அவள் சொல்வது பிழை என்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்னால் முடியவில்லை. அவள் சொல்வது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் எனக்கு விட்டுப்போனது எது என்று கேட்டால், சேமிப்புக் கணக்கு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் வைத்திருப்பது வேறொன்று: அவர் தன் ஆயுளில் யோசிக்க மறுத்த ஒரே நிலைமை. மனைவி முந்திப் போனால் நீ எங்கே இருப்பாய், எப்படி இருப்பாய் என்ற கேள்வி. அவளின் மேல் எவ்வளவு அன்பிருந்ததோ அவ்வளவுக்கு அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றும் சில நாள் நினைக்கிறேன்.

போன கிழமை கமலாவை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னை முந்தி அனுப்பிறதுக்கு எழுத்துப்பதியவோ கூட்டிக்கொண்டு போறியள்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அம்மா, ஆர் முந்திப் போனால் எண்டு எழுத?" என்றார்.

"ரெண்டு பக்கமும் எழுதுங்கோ ஐயா" என்றாள் கமலா. எனக்குச் சீவிய உரித்து எழுதி, கையெழுத்து வைத்தாள்.

வீடு வந்து படலையைத் திறக்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நாளையிலையிருந்து சோறு நீங்கள்தான் வடிக்கிறது."

வடிக்கிறேன். குழைந்துபோகிறது. இரண்டுபேரும் அதைத்தான் சாப்பிடுகிறோம்.